பட்டியலில் ஒரு பெயர், வீடு முழுக்கக் காத்திருப்பு

(காரைக்குடியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1984 அக்டோபர் 5ஆம் தேதி இரவு முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன, கூடவே பக்கவாதமும் தாக்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 5ஆம் தேதி, சிறப்பு விமானத்தில் அவரை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் டிசம்பர் 19ஆம் தேதி மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இடையில் தேர்தல் வந்தது. பிரசாரத்துக்கு வராமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4ஆம் தேதி சென்னைக்குத் திரும்பி வந்தார்.

அந்த நான்கு மாதங்களும் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வேறுபாடில்லாமல் வேண்டுதல் நடந்தது. பெண்கள் மண்சோறு சாப்பிட்டார்கள். தியேட்டர்களில் ‘ஒளிவிளக்கு’ படத்துப் பிரார்த்தனைப் பாட்டைப் போட்டார்கள்; ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். டயாலிசிஸ் என்றால் என்ன, ஒருவருடைய சிறுநீரகம் இன்னொருவருக்குச் சேருமா என்றெல்லாம் டீக்கடை பெஞ்சில் பேச்சு ஓடியது. உறுப்புக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைத் தமிழ்நாடு மொத்தமாக அனுபவித்தது அந்த ஒரு முறைதான்.

அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்தவர் லீலாவதி. எம்.ஜி.ஆரின் அண்ணன் எம்.ஜி. சக்கரபாணியின் மகள். எம்.ஜி.ஆர். உயிர் தப்பிய கதையைச் சொல்கிறவர்கள் விமானத்தைச் சொல்வார்கள், டாக்டர்களைச் சொல்வார்கள், தொண்டர்களின் வேண்டுதலைச் சொல்வார்கள். அறுவைக்கு மேசை மேல் படுத்த அண்ணன் மகளை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். இன்றைய பேச்சு அந்த ஒரு வரியில் நிற்கிறவர்களைப் பற்றியது.

லீலாவதி இன்று அதே சிறுநீரகத்தை இந்தியாவில் கொடுக்க முன்வந்தால் நேராக அறுவைக்குப் போக முடியாது. 1994இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவு என்று சிலரை மட்டும் சொல்கிறது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் சேர்ந்தார்கள். அவ்வளவுதான். அண்ணன் மகள் அதில் இல்லை. சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, கொழுந்தன் இல்லை, தாய்மாமனே இல்லை. மடியில் உட்கார வைத்துக் காது குத்திய தாய்மாமன், மருமகனுக்குக் கிட்னி கொடுக்க வேண்டுமென்றால் அங்கீகாரக் குழுவின் முன்னால் போய் நின்று, பாசத்தால்தான் கொடுக்கிறேன், பணத்துக்காக அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டும். மூன்றாம் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும் நம் பக்கத்தில் இது விசித்திரமாகத்தான் படும்.

ஆனால் சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் சென்னை வில்லிவாக்கத்துக் குடிசைகளில் கிட்னி விற்றவர்கள் எத்தனை பேர் என்றால், அந்தப் பகுதிக்கே ‘கிட்னிவாக்கம்’ என்று பேர் வந்துவிட்டது. வாங்கியவர்களும் ‘சொந்தக்காரர்தான்’ என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

கணவனுக்கு மனைவி கொடுப்பதற்குமே கட்டுக் காகிதம் வேண்டும். 2014 விதிகளின்படி கல்யாணச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் வயது, முழுக் குடும்பமும் இருக்கிற ஒரு படம் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் எடுத்த கல்யாண ஆல்பத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, ஒட்டிக்கொண்ட டிஷ்யூ தாளைப் பிய்த்து, முகம் தெரிகிற படமாகத் தேடுகிற வேலை ஒரு வீட்டில் நடந்தால், அங்கே யாரோ ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் தேதி நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்தத் தேதி வரும்வரை வீட்டில் என்ன நடக்கிறது?

டயாலிசிஸ் என்பது பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காகிதத்தில் பன்னிரண்டு மணி நேரம்தான். போகிற நேரம், இடம் காலியாகக் காத்திருக்கிற நேரம், முடிந்த பிறகு ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்திருக்கிற நேரம், வீட்டுக்கு வந்து சுருண்டு படுக்கிற நேரம் எல்லாம் சேர்த்தால் அந்த மூன்று நாளும் போய்விடும். துணைக்குப் போகிறவருக்கும் அதே மூன்று நாள் போகிறது. துணைக்குப் போகிறவர் பெரும்பாலும் மனைவி, அல்லது தாய். கடை இருந்தால் கடை பாதி நாள் மூடிக் கிடக்கும். கூலி வேலை என்றால் வாரத்தில் மூன்று நாள் கூலி இல்லை. நோயாளிக்கும் இல்லை, துணைக்கும் இல்லை.

திங்கள், புதன், வெள்ளி என்று முறை வாங்கியவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதலாக இடைவெளி விழுகிறது. உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி ஆபத்தாவது அந்த நீண்ட இடைவெளியில்தான். நம் ஊரில் கல்யாணமும் காதுகுத்தும் மணிவிழாவும் வைப்பது அதே ஞாயிற்றுக்கிழமையில். பந்தியில் உட்கார்ந்தால் இலையில் சாம்பார், ரசம், அப்பளம், ஊறுகாய், பாயசம். கடைசியில் கையில் ஒரு வாழைப்பழம். எதைத் தொட்டாலும் கணக்கு தவறும். அதனால் பல வீடுகளில் விசேஷத்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். மொய் மட்டும் போகும், ஆள் போகமாட்டார். நாளடைவில் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களும் வாசலோடு நின்றுகொள்வார்கள்.

அடுப்படிக்குள் போனால் இன்னும் சங்கடம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி. ஒரே கூரையின் கீழே தனித்தனி அடுப்பு எரிவது இங்கே பழக்கமானதுதான். நோயாளி இருக்கும் வீட்டில் ஒரே புள்ளிக்குள்ளேயே இரண்டு அடுப்பு வந்துவிடுகிறது. ஒன்றில் வீட்டாருக்கு, மற்றொன்றில் அவருக்கு. காயைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் நிறைய நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்தைக் குறைக்க அதுதான் வழி. அரிசி கழுவிய கழனியைக்கூட வீணாக்காமல் வெண்டைக்காய் மண்டி வைக்கிற கை, காய் வெந்த நீரைச் சாக்கடையில் ஊற்றப் பழக வேண்டியிருக்கிறது. உப்புக்கண்டம், வற்றல், வடகம் எல்லாம் ஜாடியோடு மேல் தட்டுக்குப் போய்விடும். இளநீர் கூடாது. வெயில் காலத்தில் யாராவது அன்பாக இளநீர் வெட்டிக்கொண்டு வந்தால், அதை எப்படி மறுப்பது என்பது தனிப் பிரச்சினை. கோழி வறுக்கிற வாசம் வரக்கூடாதென்று மற்றவர்களுக்கும் சமைப்பதை விட்ட வீடுகள் உண்டு. அது நோயாளிக்குக் கோபத்தைத்தான் கொண்டுவரும். “என்னால நீங்க ஏன்டி பட்டினி கிடக்கணும்?” என்று தட்டைத் தள்ளுவார். உப்பில்லாத சாப்பாட்டைவிட, தன் பொருட்டு எல்லோரும் உப்பை விட்டது அவருக்குத் தொண்டையில் இறங்காது.

பிறகு அந்த நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டில் கோடு போட்டிருப்பார்கள். காலை எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், போன சிறுநீர். முதல் நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டரைச் சேர்த்தால் அன்றைக்குக் குடிக்கலாம் என்பது டாக்டர் சொல்லும் பொதுவான அளவு. சிறுநீரே போகாதவருக்கு நாள் முழுக்க அரை லிட்டர். காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் ஒரு மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்து ஐந்தொகை போட்ட ஊரில், அந்தக் கணக்கர்களுக்குச் சற்றும் குறையாத கண்டிப்போடு ஒரு மனைவி தண்ணீருக்கு வரவு செலவு எழுதுகிறாள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை இரண்டு இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறினால் நர்ஸ் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, அவளைத்தான். “என்னம்மா, கவனிக்கலையா?”

இரவில் படுக்கப் போகுமுன் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. டயாலிசிஸ் ஊசிக்காக முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதைப் பிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது இருந்தால் ரத்தம் ஓடுகிறது, நாளைக்கு ஊசி போடலாம். அது நின்றுவிட்டால் அடைப்பு. உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, தலைக்கு அடியில் வைத்துத் தூங்கவும் கூடாது. அவர் தூங்கிய பிறகு புரண்டு அந்தக் கையின் மேல் படுத்துவிட்டாரா என்று எழுந்து பார்க்கிறவளுக்கு எப்போது தூக்கம் வரும்?

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறியவர் வீட்டில் செல்போனை யாரும் அணைப்பதில்லை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்தால், ரத்த வகையும் வரிசையும் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும். நடுராத்திரியிலும் வரும். மதுரை என்றாலும் திருச்சி என்றாலும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர்; காரும் ஓட்டுநரும் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும். சிறுநீரகம் எடுத்த பிறகு ஒரு நாள் வரை தாங்கும் என்பதால் இந்தத் தொலைவு பாதகமில்லை. ஆனால் ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவரை மட்டும் அழைக்க மாட்டார்கள். இரண்டு மூன்று பேரை வரவழைத்து, ஒவ்வொருவர் ரத்தத்தோடும் கொடையாளரின் அணுக்களைச் சேர்த்துப் பார்த்து, ஒத்துப்போகிறவருக்கு வைப்பார்கள். மற்றவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பி வர வேண்டும். லேசாகக் காய்ச்சல் இருந்தாலும் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். அப்படித் திரும்புகிற காரில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று இந்தக் குடும்பங்களில் கேட்டால் சொல்வார்கள். மறுநாள் திங்கட்கிழமை என்றால் வழக்கம்போல டயாலிசிஸ்.

இதயத்துக்குக் காத்திருப்பவர் கதையே வேறு. எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் தாங்கும். காரைக்குடியிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல். அழைப்பு வந்த பிறகு கிளம்பினால் ஆகாது. குடும்பமே சென்னைக்குப் பெயர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, எத்தனை மாதம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே ஊரில் முற்றமும் வளவும் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, அங்கே ஒற்றை அறையில் மின்சார அடுப்பில் கஞ்சி காய்ச்சுவார்கள். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

இனி, கொடுப்பவர் யார் என்ற கேள்வி. தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு வெளியிட்ட கணக்கில், 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் இந்தியாவில் உயிரோடிருக்கும்போது உறுப்பு கொடுத்தவர்கள் 56,509 பேர். அதில் பெண்கள் 36,038. நூற்றுக்கு அறுபத்து மூன்றுக்கும் மேல். பெற்றுக்கொண்டவர்களிலோ பெரும்பான்மை ஆண்கள். மனைவி கொடுக்கிறாள், தாய் கொடுக்கிறாள், அக்காள் கொடுக்கிறாள். அவர்களுக்கே தேவை வந்தால் வரிசை நகர்வதில்லை. குறுக்கே வரும் காரணங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. சம்பாதிக்கிறவன் கொடுத்தால் குடும்பம் என்னாவது? கல்யாணமாகாத பெண் கொடுத்தால் யார் கட்டுவார்கள்? கல்யாணமான பெண் கொடுத்தால் மாமியார் என்ன சொல்வார்? எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மனைவியும் தாயும். அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்வது எளிது. ஒரே பக்கம் சாய்ந்த தராசை யார் சரிசெய்வது என்று கேட்பதுதான் நேர்மை. 2025 ஆகஸ்டில் அதே அமைப்பு, காத்திருக்கும் பெண் நோயாளிகளுக்கும் முன்பு இறந்தபோது உறுப்பு தானம் செய்தவர்களின் நெருங்கிய உறவினருக்கும் முன்னுரிமை தரும்படி மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது. தாமதமான காரியம், ஆனாலும் நல்ல காரியம்.

கொடுக்க மனமில்லாதவர்களையும் நினைக்க வேண்டும். ‘நீ கொடு’ என்று வாய்விட்டுச் சொல்லாமலே வீடு முழுக்க ஒருவரைப் பார்க்கும். உடன்பிறந்த தம்பிக்கு ரத்த வகை ஒத்துப்போகிறது. அவன் மனைவி வேண்டாமென்கிறாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளை வில்லியாக்கிவிடுவது நம் குடும்பங்களுக்குக் கைவந்த கலை. உலகின் பல ஆஸ்பத்திரிகளில் இதற்கொரு நாகரிகமான வழக்கம் இருக்கிறது. கொடையாளரிடம் டாக்டர் தனியாகப் பேசுவார். அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால், ‘இவர் கொடுக்கத் தகுந்தவராக இல்லை’ என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி அனுப்பிவிடுவார். அந்தத் தம்பியும் அண்ணனும் அதன் பிறகும் ஒரே பொங்கலுக்கு ஒரே வாசலில் நிற்க வேண்டுமே!

கொடுத்தால் ஆயுள் குறையுமா என்ற பயத்துக்கு ஒரு பழைய பதில் உண்டு. 1954 டிசம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே, ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார். உலகில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுதான். ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்டு 2010 வரை, 79 வயது வரை வாழ்ந்தார். ஒருவரை வைத்து எல்லோருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது. கொடுத்தவரும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். வாங்கியவரை ஆட்டோவில் அழைத்துப் போகிற வீடு, கொடுத்தவளை மறந்துவிடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம்.

உறவில் யாரும் இல்லை, பட்டியலும் நகரவில்லை என்றானதும் தரகன் வருகிறான். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி பேரம் நடந்தது வெளியே வந்தது. கடனில் மூழ்கியவர்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வில்லிவாக்கம் முடிந்துபோன கதை என்று நினைத்தவர்களுக்கு அது பதில். உறுப்பு வணிகத்துக்குச் சட்டம் விதிப்பது ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். வீட்டில் ஒருவர் மூச்சுவாங்கிக்கொண்டு படுத்திருக்கும்போது தண்டனைப் பிரிவு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆகவே அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர் ‘ஆள் இருக்கு’ என்று வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

சட்டத்துக்குள்ளேயே ஒரு நல்ல வழி இருப்பதைப் பலர் அறிவதில்லை. மனைவியின் ரத்த வகை கணவனுக்குச் சேரவில்லை. இன்னொரு ஊரில் அதேபோல் ஒரு ஜோடி. இவர் மனைவி அவருக்கும், அவர் மனைவி இவருக்கும் கொடுக்கலாம். 2011 திருத்தம் இந்தப் பரிமாற்றத்தை அனுமதிக்கிறது. சிறுநீரக மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்று.

இறந்தவர் தரும் உறுப்புக்கு வருவோம். இங்கேதான் காத்திருக்கும் குடும்பத்தின் மனம் மிகவும் அலைக்கழிகிறது. கொப்புடையம்மன் சந்நிதியில் நின்று ஒரு மனைவி என்னவென்று வேண்டுவாள்? சீக்கிரம் கிடைக்கட்டும் என்று வேண்டினால் இன்னொரு வீட்டில் சாவு விழட்டும் என்று ஆகிவிடுமோ என்று பயம். பலர் வேண்டுதலையே சுருக்கிக்கொண்டு, ‘நல்லதாப் பாத்துக்க ஆத்தா’ என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவள் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் சாலையில் விபத்து நடக்கத்தான் செய்கிறது. அந்தச் சாவோடு உறுப்புகளும் மண்ணுக்குப் போகின்றனவா என்பது ஒன்றே கேள்வி.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். வயது 15. பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் உறுப்புகளைக் கொடுக்க முடிவெடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் வழி ஏற்படுத்திக் கொடுக்க, அவனுடைய இதயம் 11 நிமிடத்தில் முகப்பேர் மருத்துவமனையை அடைந்து ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன்பும் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் நடந்ததுண்டு. வீடு வீடாகப் பேச்சானது ஹிதேந்திரனுக்குப் பிறகுதான். அந்த ஆண்டே அரசு, இறந்தவர் உறுப்புகளை வரிசைப்படி பகிரும் திட்டத்தைத் தொடங்கியது. அது பின்னாளில் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்தது. 2023 செப்டம்பர் 23ஆம் தேதி, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அடுத்த சில நாட்களிலேயே தேனி மாவட்டத்து வருவாய்த் துறை ஊழியர் ஒருவருக்கு அந்த மரியாதை செலுத்தப்பட்டது. 2024இல் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் இப்படிக் கொடுத்தன. இந்தியாவில் முன்வரிசை எண்ணிக்கை இது. ஆனாலும் பட்டியலில் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில், அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகத்துக்காக.

மூளைச்சாவு என்றதும் நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, செத்துப்போனார் என்கிறார்களே? அந்த மூச்சு வென்டிலேட்டர் தருவது. உறுதிசெய்ய நான்கு டாக்டர்கள் வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவில் இருப்பவர்கள் அதில் இருக்கக்கூடாது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பார்கள். வீட்டில் இயற்கையாக இறந்தவர் கண்ணைக் கொடுக்கலாம். சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் கொடுக்க இப்படித் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த சாவாக இருக்க வேண்டும். எனவே அட்டையில் கையெழுத்துப் போட்டுவைத்தால் மட்டும் போதாது. கடைசியில் கேட்கப்படுவது குடும்பத்தைத்தான். ஐ.சி.யூ. வாசலில், அழுது ஓய்ந்திராத நேரத்தில், சில மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘அப்பா ஒரு தரம் சொல்லியிருக்கார், குடுக்கணும்னு’ என்று ஒரு பிள்ளைக்கு நினைவிருந்தால் அந்தப் பதில் வந்துவிடும். நினைவில்லாவிட்டால் பங்காளிகளுக்குப் போன் போட்டுக் கேட்பதற்குள் நேரம் கடந்துவிடும்.

சிங்கப்பூரில் உறவுக்காரர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. அங்கே 1987 முதலே ஒரு சட்டம் இருக்கிறது: மறுப்பு எழுதிக் கொடுக்காதவர் எல்லோரும் சம்மதித்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள். ஸ்பெயின் நாட்டில் 1979 முதல் அப்படிச் சட்டம் உண்டு. ஆனாலும் அங்கே குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்றவர்களை வைத்துத்தான் அவர்கள் உலகில் முன்னணிக்கு வந்தார்கள். நமக்கு இப்போதைக்கு வேண்டியது அந்தப் பேச்சு.

காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில பயனுள்ள செய்திகளையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். டயாலிசிஸும் உறுப்பு மாற்று அறுவையும் அதில் உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே சிறுநீரக மாற்று நடக்கிறது. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகிற சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. டாக்டரிடம் உரிய படிவத்தில் சான்று வாங்கிக் கவுண்டரில் கொடுத்தால் போதும். பல்லவன் ரயிலில் முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வருகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. உறுப்பு கொடுக்கும் மத்திய அரசு ஊழியருக்கு 2023 முதல் 42 நாள் சிறப்பு விடுப்பு இருக்கிறது. தனியார் கடையிலும் மில்லிலும் வேலை பார்ப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. முதலாளிமார் இந்த அவையிலும் இருக்கிறார்கள். ஆறு வாரச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க அவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முன்பு சொன்ன விண்ணப்பத்துக்கு வருவோம். காசிக்குப் போகிறவன் தெருவில் படுக்கக்கூடாது என்று அங்கே சத்திரம் கட்டிய சீமை இது. ராமேசுவரத்திலும் பழனியிலும் நம்மவர் கட்டிய விடுதிகள் இன்றும் நடக்கின்றன. வள்ளல் அழகப்பர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்ததால் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகமே இந்த ஊருக்கு வந்தது. இன்று செட்டிநாட்டுக் குடும்பங்கள் கூட்டமாகப் போய்த் தங்குகிற இடங்களில் பெரிய ஆஸ்பத்திரிகளும் சேர்ந்துவிட்டன. சென்னை பூங்கா நகரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ நடந்து போகிற தொலைவில் ஒரு விடுதி வேண்டும். பத்து அறை போதும். கொதிக்கவைத்த தண்ணீர், சுத்தமான கழிப்பறை, உப்பில்லாமல் தனியாகச் சமைத்துக்கொள்ள ஓர் அடுப்படி, அறுவை முடிந்தவர் தொற்று இல்லாமல் சில மாதம் இருக்கத் தனி அறைகள் இரண்டு. மதுரையில் இன்னொன்று. சாதி, ஊர் கேட்காமல், ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் பார்த்துச் சாவி கொடுக்க வேண்டும்.

பணத்துக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கையே அதற்குச் சாட்சி. கூட்டம் கலைவதற்குள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்து, இடம் பார்க்கும் பொறுப்பை இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறோம்.